ஸ்ரீஜேஷும் எட்டு விநாடிகளும்

இலங்கையின் மாத்தளையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஹொக்கி ஓர் அயல் விளையாட்டு அன்று. நாடு முழுவதும் கிரிக்கெட் மட்டையோடு திரிந்த காலத்திலும் எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் ஹொக்கித் தடிக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. நானும் நான்கு ஆண்டுகள் பாடசாலை அணியில் கோல் காத்திருக்கிறேன். ஓட்டத்தில் கடைசியாக வருகிறவனைக் கோலுக்குள் நிறுத்துவது அன்றைய வழக்கம் என்பதால் அந்த இடம் எனக்குக் கிடைத்ததே தவிர, அதில் என் திறமைக்குப் பங்கு ஒன்றும் இல்லை. முழு அணிக்கும் ஒரு சோடிக் கால் காப்புகள்தான் இருந்தன. மழையில் நனைந்தால் இரண்டு நாளைக்குக் காயாது. அந்த ஈர நாற்றத்தோடு எழுபது நிமிடம் நின்றவன் என்ற உரிமையில்தான் இந்திய ஹொக்கி அணியின் கோல் காப்பாளராக இருந்த பி.ஆர். ஸ்ரீஜேஷைப் பற்றி எழுதத் துணிகிறேன்.

2006ஆம் ஆண்டு கொழும்பில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டு விழாவில்தான் அவர் இந்தியாவின் தேசிய அணிக்காக முதன்முதலில் ஆடினார். மலையிலிருந்து இறங்கிச் சில மணி நேரம் பேருந்தில் போயிருந்தால் நேரிலேயே பார்த்திருக்கலாம். நான் போகவில்லை, அன்று அவர் பெயரும் எனக்குத் தெரியாது. கேரளத்தின் கிழக்கம்பலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். திருவனந்தபுரத்தில் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பாடசாலைக்கு ஓட்டப் போட்டி, நீளம் பாய்தல் ஆகியவற்றில் ஆர்வத்தோடு போய்ச் சேர்ந்து, அங்கே கோல் காப்பாளராக மாறியவர். காப்பு உடைகள் வாங்கித் தருவதற்காகத் தன் தந்தை பசுவை விற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் ஒரு மாட்டைக் கட்டி, அதன் பாலை விற்றுப் பிள்ளையைப் படிக்க வைத்த குடும்பங்கள் எங்கள் தோட்டங்களில் ஏராளம் என்பதால், அந்த விற்பனையின் பாரத்தை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தொடக்க ஆண்டுகள் அவருக்கு எளிதாக இருக்கவில்லை. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆடிய ஆறு ஆட்டங்களிலும் தோற்றுப் பன்னிரண்டாம் இடத்தில், அதாவது கடைசி இடத்தில், முடித்தது. அந்தக் குழுவில் ஸ்ரீஜேஷும் இருந்தார். பிற்காலத்துப் பதக்கங்களைப் பேசுவோர் இந்த ஆண்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அவருடைய கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கோல் காப்பாளரின் பெயர் லீக் ஆட்டங்களில் நிலைப்பதில்லை. ஐந்துக்கு ஒன்று என்று வென்றால் கோல் அடித்தவனைத் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். கோலில் நின்றவனுக்குத் தேநீர் கொடுக்கவும் மறந்துவிடுவார்கள். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய நொக்அவுட் ஆட்டங்களில் மட்டுமே அவனை எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஸ்ரீஜேஷை அப்படிப் பார்க்க வைத்த முதல் பெரிய நாள் 2014 ஒக்டோபர் 2. தென்கொரியாவின் இஞ்சியோனில் ஆசிய விளையாட்டு விழாவின் இறுதிப் போட்டி, எதிரணி பாகிஸ்தான். ஆட்டம் 1-1 என்ற சமநிலையில் முடிந்து, வெற்றியாளரைத் தீர்மானிக்கும் ஷூட் அவுட்டுக்குப் போனது. அப்துல் ஹசீம் கான், முகமது உமர் பூட்டா ஆகிய இருவரின் முயற்சிகளையும் அவர் தடுத்தார். இந்தியா 4-2 என்று வென்று, பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு ஆசியத் தங்கத்தைப் பெற்றதோடு ரியோ ஒலிம்பிக்குக்கும் தகுதி பெற்றது.

ஹொக்கி ஷூட் அவுட் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உதைபந்தாட்டப் பெனால்டியை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே பந்து ஒரே இடத்தில் வைத்து அடிக்கப்படுவதில்லை. தாக்குபவர் 23 மீற்றர் கோட்டிலிருந்து பந்தோடு புறப்படுகிறார். அவருக்கு எட்டு விநாடிகள் உண்டு. கோல் காப்பாளர் கோட்டிலேயே நிற்கவேண்டிய கட்டாயம் இல்லை, விசில் ஊதியதும் முன்னே ஓடி வரலாம். 3.66 மீற்றர் அகலமும் 2.14 மீற்றர் உயரமும் கொண்ட கோலைத் தனியொருவனாகக் காப்பதைவிட, வெளியே வந்து கோணத்தைக் குறுக்குவதே அறிவுடைமை. ஆனால் வெளியே வந்தவன் அவசரப்பட்டுத் தரையில் விழுந்தால், தாக்குபவர் பந்தை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் வெறும் கோலுக்குள் தள்ளிவிடுவார். ஆகவே, விழாமல் நிற்பதும், நின்றுகொண்டே பின்வாங்குவதும், எதிராளியை ஓரத்துக்குத் தள்ளி அவருடைய எட்டு விநாடிகளைத் தின்றுவிடுவதும்தான் இந்தக் கலையின் சாரம். முதலில் அசைகிறவன் தோற்பான் என்று எங்கள் பயிற்றுநர் கத்துவார். எனக்கு அது கடைசிவரை கைவரவில்லை. ஸ்ரீஜேஷ் அந்த நெடிய உடலை வைத்துக்கொண்டு, நேரம் முழுவதும் தன்னுடையது என்பதுபோல நிற்பார்.

2015 டிசம்பரில் ராய்ப்பூரில் நடைபெற்ற உலக ஹொக்கி லீக் இறுதிச் சுற்றிலும் இதுவே நிகழ்ந்தது: வெண்கலத்துக்கான ஆட்டத்தில் நெதர்லாந்துடன் 5-5 என்று சமநிலை, ஷூட் அவுட்டில் இந்தியாவுக்கு 3-2 என்று வெற்றி.

டோக்கியோ ஒலிம்பிக்கை எல்லோரும் அறிவார்கள். 2021 ஓகஸ்ட் 5 காலை ஏழு மணிக்கு, வெளியே மூடுபனி கலையாத வேளையில், கைத்தொலைபேசியின் சிறிய திரையில் ஜேர்மனிக்கு எதிரான அந்த வெண்கல ஆட்டத்தைப் பார்த்தேன். 1-3 என்று பின்தங்கிய இந்தியா 5-3 என்று முன்னேறி, பின்னர் 5-4 ஆனது. ஆறு விநாடிகளே மீதமிருந்தபோது ஜேர்மனிக்கு ஒரு பெனால்டி கோர்னர், அதாவது கோலை நோக்கி அடிக்க நல்ல வாய்ப்புத் தரும் தண்டனை அடி, கிடைத்தது. லூகாஸ் விண்ட்பெடர் அடித்த பந்தை ஸ்ரீஜேஷ் தடுத்தபோது, 1980 மொஸ்கோவுக்குப் பிறகு நாற்பத்தொரு ஆண்டுகள் வராத ஒலிம்பிக் ஹொக்கிப் பதக்கம் இந்தியாவுக்கு வந்தது. அவர் கோலின் மேலேறி உட்கார்ந்த படம் அடுத்த நாள் எல்லா நாளிதழ்களிலும் இருந்தது.

ஆயினும், அவருடைய மிகச் சிறந்த ஆட்டம் எது என்று என்னைக் கேட்டால் டோக்கியோவைச் சொல்ல மாட்டேன். 2024 ஓகஸ்ட் 4, பாரிஸ் ஒலிம்பிக், பிரித்தானியாவுக்கு எதிரான காலிறுதி. 17ஆவது நிமிடத்தில் அமித் ரோகிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். எஞ்சிய நாற்பத்து மூன்று நிமிடங்களும் இந்தியா பத்துப் பேருடன் ஆட வேண்டியிருந்தது. ஹர்மன்பிரீத் சிங் அடித்த கோலை லீ மோர்ட்டன் இடைவேளைக்கு முன்பே சமன் செய்துவிட்டார். அதன் பிறகு பிரித்தானியர் அலையலையாக வந்துகொண்டே இருந்தார்கள், ஒரு பந்தும் உள்ளே போகவில்லை. டோக்கியோவின் கடைசித் தடுப்பு ஒரு கணத்தின் வேலை; இதுவோ, களைப்பை வெளியே காட்டாமல் ஒரு பிற்பகல் முழுவதும் செய்த வேலை. ஷூட் அவுட்டில் கோனர் வில்லியம்சன் பந்தைக் கோலுக்கு வெளியே அடித்தார், பில் ரோப்பரை ஸ்ரீஜேஷ் தடுத்தார், இந்தியா 4-2 என்று வென்றது. அரையிறுதியில் ஜேர்மனியிடம் 2-3 என்று தோற்றாலும், ஸ்பெயினை 2-1 என்று வென்று மீண்டும் வெண்கலம் பெற்றார்கள். அந்த ஆட்டத்தோடு, 336 சர்வதேச ஆட்டங்களுக்குப் பிறகு, அவர் விடைபெற்றார். அவர் அணிந்த 16ஆம் இலக்கச் சட்டையை இந்தியாவின் முதன்மைத் தேசிய அணியில் இனி யாரும் அணிவதில்லை.

அவர் எப்போதும் வென்றார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2018இல் பிரேடாவில் சம்பியன்ஸ் கிண்ண இறுதிப் போட்டி ஷூட் அவுட்டில் அவுஸ்திரேலியாவிடம் போனது. 2023 உலகக் கிண்ணத்தில், சொந்த மண்ணில், 3-1 என்று முன்னிலை பெற்றிருந்த ஆட்டத்தை நியூசிலாந்து சமன் செய்து ஷூட் அவுட்டில் பறித்துக்கொண்டது. அந்த இரவுகளுக்குப் பிறகும் அதே எட்டு விநாடிகளுக்குள் திரும்பிப் போய் நின்றிருக்கிறார் என்பதே என்னை அவர்பால் இன்னும் நெருக்கமாக்குகிறது.

இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் பழைய மைதானத்தில் சிறுவர்கள் சிலருக்கு உதவி செய்கிறேன். கோல் காக்கும் பையனுக்குப் பதின்மூன்று வயது. அக்காவின் மகன், நல்ல துடிப்பு. தாக்குபவன் புறப்பட்டதும் நான் ஓரத்தில் நின்று ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணுவேன். எட்டு வரை விழாமல் நிற்க வேண்டும் என்பது பயிற்சி. போன மாதம் மூன்றிலேயே விழுந்துகொண்டிருந்தான். கடந்த சனிக்கிழமை ஆறு வரை நின்றான். "மாமா, நீங்க மெதுவா எண்ணுறீங்க" என்று என்மேல் அவனுக்குக் கோபம்.