கொம்புக்கும் ஒரு முகக்கவசம்

2020 செப்டம்பர் 20, ஞாயிறு மாலை ஏழரை மணிக்கு, மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் மடிக்கணினியைத் திறந்து, நியூ ஜெர்சியிலுள்ள அலுவலகத் தோழி அனுப்பிய இணைப்பின் வழியே, யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவின் இரண்டாம் நாள் வழிபாட்டைப் பார்த்தேன். முதல் நாள் ஓய்வுநாளான சனிக்கிழமையில் வந்துவிட்டதால், மரபுப்படி ஆட்டுக்கடாக் கொம்பான ஷோஃபாரை அவர்கள் அன்று ஊதவில்லை. மறுநாள், தொழுகைக்கூடத்தின் வாகன நிறுத்துமிடத்தில் தள்ளித்தள்ளிப் போட்ட நாற்காலிகளுக்கு முன்னால் நின்ற யூத மதகுருவான ரபி, கொம்பின் அகன்ற வாயில் நீல நிற முகக்கவசத்தை மாட்டிவிட்டு ஊதினார். அருகில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, “கொம்புக்குமாடி மாஸ்க்?” என்றார்.

எல்லாச் சபைகளும் இப்படித் திரையில் கூடவில்லை. பண்டிகை நாளில் மின்கருவிகளை இயக்காத பழமைப் பிரிவினர், வழிபாட்டுக்குத் தேவையான பத்துப் பேரை வைத்துக்கொண்டு சிறு குழுக்களாகத் திறந்தவெளியில் தொழுதனர். இஸ்ரேலிலோ செப்டம்பர் 18 அன்று, பண்டிகை தொடங்கும் நாளிலேயே, இரண்டாம் ஊரடங்கு தொடங்கிவிட்டது.

அக்டோபர் 2 மாலை தொடங்கிய, யூதர்களின் பந்தல் பண்டிகையான சுக்கோத் மட்டும் அந்தக் கொரோனா காலத்துக்கென்றே அமைந்ததுபோல எனக்குத் தோன்றியது. வெட்டிய தழைகளால் வேய்ந்த, இடுக்கு வழியே விண்மீன் தெரியும் கூரையின்கீழ் உண்பதுதான் அதன் முறை. காற்றோட்டத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் விருந்தினரை அழைப்பதே அப்பண்டிகையின் சிறப்பு என்பதால், கணவரும் மகளுமாக மூன்றே தட்டுகள் வைத்த பந்தலின் படத்தைத் தோழி அனுப்பியிருந்தாள். அம்மா அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, இரண்டு வாரத்தில் வரவிருந்த எங்கள் கொலுவுக்குச் சுண்டலை எத்தனை ஆழாக்கு ஊறவைப்பது என்று கேட்டார்.