ஆடியில் ஒரு பழைய ப்ராஜெக்ட்

18 ஜூலை 2025, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. முகூர்த்தம் கிடையாது, கேமரா பையைத் திறக்கும் வேலையும் இல்லை. பழைய கணக்கு, பழைய ஹார்டு டிஸ்க் எல்லாம் வெளியே வருவது இந்த மாதத்தில்தான். சரியாக அந்த நேரம் பார்த்து, 2008இல் நாங்கள் வீடியோ எடுத்த ஒரு கல்யாணத்தின் பெண்வீட்டு அம்மா கடைக்கு வந்தார். ஆவணியில் அவர் வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணமாம். மண்டபத்தில் எல்இடி சுவர் வைக்கிறார்கள். மகள் கல்யாணத்திலிருந்து தாலி கட்டுவது, பெரியவர்கள் திருநீறு பூசுவது என்று நல்ல இடங்களாகச் சேர்த்துக் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும்.

"டிவிடி போட்டா நின்னு நின்னு போகுது தம்பி. அசல் உங்ககிட்ட இருக்குமே?"

இருந்தது. பழைய வகை ஐடிஇ டிஸ்க்கை யூஎஸ்பி கன்வெர்ட்டரில் மாட்டினேன், நல்லவேளையாகச் சுற்றியது. ப்ராஜெக்ட் ஃபைல், கேசட்டிலிருந்து இறக்கிய ஏவிஐ ஃபைல்கள், ஆல்பம் போட்டோக்கள், எல்லாம் இருந்தன. மினி டிவி (MiniDV) கேசட்டை அப்படியே இறக்கினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி. அன்றைக்கு அது பெரிய சைஸ். இடத்துக்கு ஆசைப்பட்டு நிறையக் கடைகளில் டிவிடி கொடுத்ததும் இதைத்தான் முதலில் அழிப்பார்கள்.

இப்போதைய எடிட்டிங் மென்பொருளில் திறந்தேன். பழைய பதிப்பு ஃபைல், மாற்றித்தான் திறக்க முடியும் என்றது. புதுப் பெயர் கொடுத்தேன், திறந்தது. ஆனால் சில கிளிப்புகள் வரவேயில்லை. வந்தவையும் பார்க்கச் சகிக்கவில்லை: கலங்கல், கோடு கோடாகக் கிழிசல், முகமெல்லாம் லேசாக அகலம்.

கடைப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்து வீடியோ இப்படித்தாண்ணே இருக்கும்" என்றான். இந்தப் பேச்சை நான் ஒத்துக்கொள்வதில்லை. அதே ஏவிஐ ஃபைலை விஎல்சியில் போட்டு, டீஇன்டர்லேசை (கோடு கோடாக வரும் படத்தை முழுப் படமாக்கும் வசதி) ஆன் செய்து காட்டினேன். சோனி பிடி170 கேமராவில் எடுத்த படம், துடைத்துவைத்த மாதிரி இருந்தது. மூலத்தில் குறை இல்லை என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதியெல்லாம் மென்பொருள் அந்த ஃபைலை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான்.

19 ஜூலை, சனி

வராத கிளிப்புகளின் கதை. ஃபைலின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோவில் இழுத்துப் போட்டதும் தெரிந்தது, கோடெக் (படத்தை அமுக்கி விரிக்கும் மென்பொருள்) அடையாளம் 'சிடிவிசி' என்று இருந்தது. கேசட்டைக் கணினியில் இறக்கும் கனோபஸ் கார்டு வழியாக வந்தவை. உள்ளே இருப்பது சாதாரண டிஜிட்டல் வீடியோதான், நெற்றியில் ஒட்டியிருக்கும் நான்கெழுத்துச் சீட்டுதான் வேறு. அன்றைய 32 பிட் விண்டோஸில் அதற்கென்று ஒரு கோடெக் இருந்தது. எடிட்டிங் மென்பொருள்கள் 64 பிட்டுக்கு மாறியபின் 32 பிட் கோடெக்கை அவற்றால் கூப்பிட முடியாது. எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் 2010இலேயே 64 பிட் மட்டும் என்றாகிவிட்டது. மேக் பக்கம் 2019இல் வந்த கேட்டலினா பதிப்போடு 32 பிட் முழுக்கப் போயிற்று.

இதற்கு யாராவது 'எம்பி4 ஆக மாற்றிக்கொள்' என்பார்கள். வேண்டாம். மறுபடி அமுக்கினால் தரம் ஒரு படி இறங்கும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியில் 'காப்பி' என்று சொன்னால் படத்தைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றித் தரும், டிஸ்க் ஓடுகிற வேகத்தில் வேலை முடியும். பெயரை மாற்றாமல் வேறு ஃபோல்டரில் போட்டு இணைத்தேன். எல்லாம் வந்துவிட்டது.

21 ஜூலை, திங்கள்

இன்றைக்கு அகல முகங்கள்.

கணினியில் பிக்சல் சதுரம். நம் ஊர் டிவி முறையான பழைய பால் (PAL) வீடியோவில் அப்படி இல்லை, 720க்கு 576 பிக்சல்களை 4:3 திரையில் விரித்துக் காட்ட வேண்டும். எவ்வளவு விரிப்பது என்பதில் இரண்டு கணக்கு உண்டு. பிரீமியரின் சிஎஸ்3 பதிப்பு வரை, பிக்சலின் அகலம் உயரத்தைப் போல 1.067 மடங்கு. 720 பிக்சலையும் முழுப் படமாக எடுத்துக்கொண்டால் அது 768 ஆகும், சரியான 4:3. ஆனால் ஒளிபரப்புத் தரத்தில் 702 அல்லது 704 பிக்சல்தான் படம், இரண்டு ஓரமும் சும்மா விட்ட இடம். அந்தக் கணக்குப்படி 1.094. 2008இல் வந்த சிஎஸ்4இல் இதற்கு மாறினார்கள். திருத்தம் சரியானதுதான்.

வம்பு எங்கே என்றால், எங்கள் ப்ராஜெக்ட்டின் சீக்வென்ஸ் (வெட்டிய துண்டுகளை வரிசையாக அடுக்கிய இடம்) பழைய 1.067ஐ அப்படியே வைத்திருக்கிறது. புதிதாக இணைத்த கிளிப்புகளை இன்றைய பதிப்பு 1.094 என்று படிக்கிறது. வித்தியாசம் 2.5 சதவீதம். அகலத்தைக்கூட விட்டுவிடலாம், மாலை போட்ட மாப்பிள்ளை கொஞ்சம் குண்டாகத் தெரிந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்த 2.5 சதவீதத்துக்காக மென்பொருள் ஒவ்வொரு பிரேமையும் இழுத்து மறுபடி வரைகிறது, ஓரம் கொஞ்சம் வெட்டுப்படுகிறது, படம் முழுக்க மங்குகிறது. வெள்ளிக்கிழமை பார்த்த கலங்கலில் ஒரு பங்கு இதுதான்.

எல்லாக் கிளிப்பையும் தேர்ந்தெடுத்து, பிக்சல் விகிதத்தைச் சீக்வென்ஸில் உள்ளபடியே வைத்தேன். 1.067 சரியா 1.094 சரியா என்று வாதாட இது இடமில்லை. இரண்டும் ஒன்றாக இருந்தால் இழுப்பு இல்லை.

22 ஜூலை, செவ்வாய்

கிழிசல். இதுதான் இந்த வேலையில் பெரிய பாடு.

பால் வீடியோவில் நொடிக்கு 25 பிரேம் என்கிறோம். உள்ளே ஒவ்வொரு பிரேமும் இரண்டு பாதி, ஒரு பாதிக்கு ஃபீல்டு என்று பெயர், இப்படிப் பிரித்துப் பதிவதுதான் இன்டர்லேஸ்: ஒன்றுவிட்ட ஒன்றாகப் பாதிக் கோடுகள் ஒரு கணம், மீதிக் கோடுகள் அதற்கு 1/50 நொடி தள்ளி இன்னொரு கணம். பழைய டியூப் டிவி இதை அப்படியே மாற்றி மாற்றிக் காட்டியது, யாருக்கும் தெரியவில்லை. இன்றைய திரை இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது. அசையாத பந்தல்கால் நன்றாகத் தெரியும். அசைகிற கை மட்டும் சீப்புப் பல்லாகக் கிழியும்.

கிழிசலாவது கண்ணுக்கு உடனே படும். ஃபீல்டு வரிசை தப்பினால் வருவது அதைவிட மோசம். மினி டிவி கேசட்டில் கீழ் ஃபீல்டு முதலில். பின்னால் வந்த எச்டிவி (HDV) கேசட்டில் மேல் ஃபீல்டு முதலில். கீழ் முதலாக வரும் படத்தை மேல் முதல் என்று படித்தால், பிந்திய கணம் முந்தி வரும். நிறுத்திப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, ஓடும்போது மட்டும் துடிக்கும். கண்டுபிடிக்க நான் எப்போதும் போவது தவில்காரர் கைக்குத்தான். கெட்டிமேளத்தில் அந்தக் கை முன்னே போய்ப் பின்னே வந்து மறுபடி முன்னே போனால் வரிசை தப்பு.

இந்த ப்ராஜெக்ட்டில் உறை மாற்றிய கிளிப்புகளில் சிலவற்றை மென்பொருள் 'ஃபீல்டு இல்லை, முழு பிரேம்' என்று படித்திருந்தது. கேட்காமலே அது இரண்டு கணத்தையும் கலந்துவிட்டது. கிளிப்பின் அமைப்பில் போய் 'கீழ் ஃபீல்டு முதலில்' என்று கையால் சொன்னேன்.

இன்னொன்றும் பார்க்க வேண்டியிருந்தது. 2008இல் மைக் கம்பியை மறைக்க சில ஷாட்டுகளை மேலே கீழே நகர்த்தியிருந்தோம். இன்டர்லேஸ் படத்தை ஒற்றைப்படை எண்ணிக்கையில் கோடு நகர்த்தினால் மேல் ஃபீல்டு கீழாகிவிடும். நகர்த்திய எண்களை எல்லாம் இரட்டைப்படையாக்கினேன்.

24 ஜூலை, வியாழன்

ஆடி அமாவாசை. கடை இல்லை.

சாயங்காலம் தேனியிலிருந்து நண்பர் போன். புது வெர்ஷன் போட்டதிலிருந்து பிரிவியூ மங்கலாக இருக்கிறதாம். பிளேபேக் ரெசல்யூஷன் 'பாதி' என்று இருக்கிறதா பாருங்கள் என்றேன். இருந்தது. எக்ஸ்போர்ட்டில் பழைய ரெண்டர் பிரிவியூவைப் பயன்படுத்தும் டிக்கையும் எடுத்துவிடச் சொன்னேன், அது வேறு இரண்டாம் முறை அமுக்கிய படத்தை உள்ளே நுழைத்துவிடும்.

26 ஜூலை, சனி

டைம்லைனில் ஃபீல்டு சரியாகிவிட்டது. ஆனாலும் எல்இடி சுவருக்கு இன்டர்லேஸாகக் கொடுக்க முடியாது, பிரித்தாக வேண்டும்.

எடிட்டிங் மென்பொருளிலேயே டீஇன்டர்லேஸ் உண்டு. பெரும்பாலும் ஒரு ஃபீல்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மற்றதை நிரவும். 576 கோட்டில் பாதி போயிற்று, 50 கணத்தில் பாதி போயிற்று. பழைய வீடியோ 'செல்போன் வீடியோ மாதிரி' ஆகிவிட்டது என்று பலர் புலம்புவது இதனால். நான் மூல ஃபைல்களையே வெளியே எஃப்எஃப்எம்பெக்கில், ஃபீல்டைப் பிரிக்கும் பிடபிள்யூடிஐஎஃப் வடிகட்டி வழியாக, ஃபீல்டுக்கு ஒரு பிரேம் என்று நொடிக்கு 50 முழு பிரேமாக எடுத்தேன். கீழ் ஃபீல்டு முதல் என்பதையும் அதற்குச் சொல்லிவிட வேண்டும். பொறுமை உள்ளவர்கள் இதே வேலைக்கான க்யூடிஜிஎம்சி போடலாம், இன்னும் நயமாக வரும், நேரமும் பிடிக்கும். தரம் அதிகம் இறங்காத புரோரெஸ் வடிவில் சேமித்து, புதிதாக 50 பிரேம் சீக்வென்ஸ் ஒன்றில் தேவையான வெட்டுகளை மட்டும் கொண்டுபோய் வைத்தேன்.

இதில் எதிர்பாராத லாபம் தாலி கட்டும் இடம். 2008இல் தாலி கட்டுவது என்றால் ஸ்லோ மோஷன் கட்டாயம், இல்லாவிட்டால் பெண் வீட்டார் பாக்கிப் பணத்தைக் கொடுக்கமாட்டார்கள். 50 சதவீதத்துக்குக் குறைப்போம். 25 பிரேமைப் பாதி வேகத்தில் ஓட்ட மென்பொருள் பக்கத்துப் பிரேம்களைக் கலந்து நடுவில் ஒன்றைச் செய்யும், முடிச்சுப் போடும் விரல்களுக்குப் பின்னால் பேய் விரல்கள் வரும். இப்போது கையில் நிஜமாகவே 50 கணம் இருக்கிறது. அதை 25ஆக ஓட்டினால் கலப்பே தேவையில்லை, ஒவ்வொரு பிரேமும் கேமரா பார்த்த கணம். அட்சதை தனித்தனியாக விழுகிறது. அன்றைக்கு எங்கள் யாருக்கும் கிடைக்காத ஸ்லோ மோஷன், அந்தக் கேசட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எந்த கேமராண்ணே?" என்று கேட்டான்.

28 ஜூலை, திங்கள்

அம்மா வந்து பார்த்தார். தாலி கட்டும் இடத்தில் கண் கலங்கியது. அடுத்த நிமிஷமே, "கூறைப்புடவை இந்த நெறம் இல்லையே தம்பி. நல்ல அரக்குல்ல அது" என்றார்.

சரியாகச் சொன்னார். நிறத்தை எண்ணாக்கும் கணக்குக்கு இரண்டு தரம்: பழைய வீடியோவுக்கு 601, எச்டி வந்தபின் 709. உறை மாற்றிய ஃபைலில் எந்தக் கணக்கு என்ற குறிப்பு இல்லாவிட்டால் புது மென்பொருள் 709 என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். அப்படி எடுத்தால் சிவப்பு பிரகாசமாகி ஆரஞ்சுப் பக்கம் சாயும். தோல் நிறத்தில் அவ்வளவு தெரியாது, கல்யாணப் புடவையில் உடனே தெரியும். கிளிப்பின் நிற அமைப்பில் 601 பால் என்று கொடுத்தேன். அரக்கு வந்தது.

கூடவே வேட்டி. எங்கள் பழைய கேமராக்கள் வெள்ளைக்கான எல்லையான 235ஐத் தாண்டியும் பதிவு செய்யும். புது மென்பொருளில் அதற்கு மேல் எல்லாம் ஒரே வெள்ளையாக வெட்டுப்பட்டு, மாமாக்கள் வரிசையாக ஒளிவிளக்கு போல நின்றார்கள். வெட்டுவதற்கு முன்னாலேயே, 32 பிட் நிறக் கணக்கில் (விண்டோஸின் 32 பிட் வேறு) வேலை செய்யும் எஃபெக்ட்டில் பிரகாசத்தைக் கொஞ்சம் இறக்கினால் மடிப்பு திரும்ப வருகிறது.

புடவை ஓரத்தில் படிப்படியாகத் தெரியும் சிவப்பை மட்டும் முழுக்கப் போக்க முடியாது. நிறத்தை நாலு பிக்சலுக்கு ஒன்றுதான் பதிந்திருக்கிறார்கள், பால் டிஜிட்டல் வீடியோவில் 4:2:0 என்று சொல்வது இதைத்தான்.

30 ஜூலை, புதன்

ஆல்பம் போட்டோக்கள். பத்து மெகாபிக்சல் படங்கள், பெரிய டைம்லைனுக்கு மாற்றியபின்னும் தபால்தலையைப் பெரிதாக்கியதுபோல இருந்தன. அன்றைக்கு 'பிரேம் அளவுக்குச் சுருக்கு' என்று கொடுத்திருந்தோம். அப்படிச் சுருக்கினால் மென்பொருள் போட்டோவைப் பிரேமின் அளவுக்குக் குறைத்துவிட்டுத்தான் ஜூம் செய்யும். அந்த டிக்கை எடுத்துவிட்டு ஸ்கேல் எண்ணைக் கொடுத்தேன், முழு பிக்சலும் கிடைத்தது.

மெல்பனில் இருக்கும் அந்த அம்மாவின் மருமகன் போன் செய்தார். ஏஐயில் போட்டு 4கே ஆக்கிவிடலாமே என்றார். ஒரு ஷாட்டை இலவச மென்பொருளில் போட்டுப் பார்த்து அவருக்கே அனுப்பினேன். சரிகைக் கரையில் இல்லாத டிசைன். பின்வரிசையில் இருந்த ஆச்சிக்குப் புது மூக்கு. ஆச்சி இப்போது இல்லை. மருமகன் அதற்கப்புறம் 4கே பேச்சை எடுக்கவில்லை. அவர்களுக்கு யூடியூபில் தனியாக ஒன்று, 1440க்கு 1080 ஆகச் சாதாரணமாகப் பெரிதாக்கி ஏற்றுகிறேன். 720க்குக் கீழே ஏற்றினால் அங்கே 50 பிரேம் கிடைக்காது.

2 ஆகஸ்ட், சனி

எல்இடிக்காரரிடம் பேசினேன். ஏழு பலகை அகலம், ஐந்து உயரம், பி3.91, அதாவது பிக்சலுக்குப் பிக்சல் 3.91 மில்லிமீட்டர். அரை மீட்டர் பலகைக்கு 128 பிக்சல். பெருக்கினால் 896க்கு 640. அவ்வளவுதான் சுவர்! எங்கள் 4:3 படம் அதில் 853க்கு 640 ஆக நிற்கும், பக்கத்துக்கு இருபத்துச் சொச்சம் பிக்சல் கறுப்பு. 2008 கேசட்டுக்கு அளவெடுத்துத் தைத்த திரை.

சுவருக்குப் படம் அனுப்பும் பிராசஸருக்கு அவர் எப்போதும் 1920க்கு 1080 கொடுத்து அதைச் சுவருக்கு இழுத்துவிடுவாராம். அப்படி இழுத்தால் மாப்பிள்ளை இளைத்துவிடுவார். 896க்கு 640 ஆகவே ஃபைல் தருகிறேன், இழுக்காமல் ஒன்றுக்கு ஒன்று போடுங்கள் என்றேன். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றார். பென் டிரைவில் வட்டம் வரைந்த ஒரு படத்தையும் சேர்த்து வைத்திருக்கிறேன். முந்தின நாள் பந்தல் போடும்போது பையனை அனுப்பி, முதலில் அதை ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.