வலது காலின் கீழே கேட்ட சத்தம்

சோளகம் வீசும் ஆடி மாதத்தில் கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதி வழியே தெற்கு நோக்கிச் சைக்கிள் மிதிப்பவரின் வலது கன்னத்தில் காற்று ஓயாமல் அறைந்துகொண்டே இருக்கும். அந்தக் காற்றை எதிர்த்து மிதித்த ஒரு காலையில்தான், என் றேசிங் சைக்கிளின் வலது பெடல் கீழே இறங்கும் ஒவ்வொரு தடவையும் 'கிறக்' என்று ஒரு சத்தம் எழுவதை முதன்முதலில் கவனித்தேன். வாகனங்கள் குறைந்த விடிகாலையில் கண்டி வீதி மிகவும் அமைதியானது. அந்த அமைதியில் நிமிடத்துக்கு 80 சுற்று மிதிப்பவருக்கு அந்தச் சத்தம் ஒரு மணித்தியாலத்தில் 4,800 தடவை கேட்கும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கிக் கச்சான் வாங்கிக்கொண்டு நின்றபோதும் அது என் காதுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது.

அத்தான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து எனக்குத் தந்துவிட்டுப் போன அலுமினியச் சட்ட வண்டி அது. நகரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பெடல் தண்டைப் பிடித்து இருபக்கமும் ஆட்டிப் பார்த்தவர், இரண்டு பெடல் தண்டுகளையும் இணைக்கும் அச்சு சுழலும் பகுதி, அதாவது கடைகளில் 'பிபி' என்று சொல்லப்படும் பாகம், தேய்ந்துவிட்டது என்று உறுதியாகச் சொன்னார். கொழும்பிலிருந்து புதியது வரவழைத்துப் பூட்டி, வண்டி முழுவதையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் தந்தார். இரண்டு நாட்கள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் அதே இடத்தில், அதே வலது காலின் கீழே, அது திரும்ப வந்தது. செலவழிந்த பணத்தை விட, அந்த இரண்டு நாள் அமைதிக்கு என்ன காரணம் என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது. பின்னர் விடை கிடைத்தபோது, அது அந்த இரண்டு நாட்களுக்குள்ளேயே ஒளிந்திருந்தது தெரிந்தது.

இத்தகைய சத்தம் எப்படிப் பிறக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டப்பட்ட இரண்டு உலோக முகங்கள், பாரம் ஏறும்போது மயிரிழை அளவுக்கு நகர முயல்கின்றன. உராய்வு அவற்றைப் பிடித்து வைக்கிறது, விசை கூடும்போது பிடி விட்டுச் சட்டென்று வழுக்குகின்றன, மறுபடியும் பிடித்துக்கொள்கின்றன. இந்தப் பிடித்தலும் வழுக்குதலும்தான் நம் காதில் சத்தமாக விழுகிறது. இடையில் கிறீஸ் இருந்தால் வழுக்கல் ஓசையின்றி நடந்துவிடும். கிறீஸ் காய்ந்து அங்கே மண் புகுந்திருந்தால் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அது முனகும். சட்டத்தின் குழாய்கள் உள்ளீடற்றவை என்பதால், ஒரு மூலையில் எழும் அதிர்வை மற்ற மூலைக்குக் கொண்டுபோய் அங்கே பெரிதாக்கிக் காட்டும். ஆகவே பெடலடியில் கேட்கும் சத்தம் பெடலடியில்தான் பிறந்தது என்று நம்பிவிடக் கூடாது. நான் அப்படி நம்பித்தான் ஒரு நல்ல பிபியைக் கழற்றி எறிந்தேன்.

இரண்டாவது தடவை ஸ்பனரைத் தொடாமல், சத்தம் எப்போது வருகிறது என்பதை மட்டும் ஒரு கிழமை கவனித்தேன். மிதிப்பதை நிறுத்தி வண்டியை உருள விட்டால் சத்தம் இல்லை. ஆகவே சும்மா சுழலும்போது சக்கரங்கள் குற்றமற்றவை. சீற்றிலிருந்து எழுந்து நின்று மிதித்தாலும் சத்தம் மாறவில்லை. ஆகவே சீற்றும் அதைத் தாங்கும் கம்பியும் விலகின. ஹாண்டிலில் ஒரு விரல் மட்டும் வைத்து மிதித்தபோதும் அது தொடர்ந்தது. ஆகவே முன்பக்கமும் விலகியது. ஒவ்வொரு மிதிச் சுற்றுக்கும் சரியாக ஒரு தடவை வந்தது என்பதும் ஒரு தடயமே. 50 பல் கொண்ட முன் பற்சக்கரத்தில் ஓடும் 110 கண்ணிச் செயினில் ஒரு கண்ணி இறுகியிருந்தால், அந்தச் சத்தம் ஏறக்குறைய இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வரும். பின்பக்கத்தில் 17 பல் கியர் போட்டிருக்கும்போது பின் சக்கரம் ஒரு மிதிக்கு ஏறக்குறைய மூன்று தடவை சுற்றும். சக்கரக் கம்பிகளில் ஒன்று முனகினால் சத்தமும் அவ்வளவு தடவை வரும். எனக்கு வந்தது ஒரு சுற்றுக்கு ஒன்று, அதுவும் பாரம் ஏறும்போது மட்டும்.

எஞ்சியவற்றை ஒரு நாளைக்கு ஒன்றாகத் தொட்டேன். ஒரே நாளில் நான்கு இடங்களைக் கழற்றிப் பூட்டினால், சத்தம் போனாலும் எதனால் போனது என்று தெரியாமலே போய்விடும். முதல் நாள் பெடல்களைக் கழற்றி மரையைத் துடைத்துக் கிறீஸ் பூசினேன். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும் என்பதை அறியாமல் வலுக்கட்டாயமாகத் திருப்பி மரையை அழித்தவர்கள் நம் ஊரில் நிறைய உண்டு. இறுக்கத்தின் உள்ளே பெடல் அச்சு மெல்ல உருண்டு தானாகக் கழன்றுவிடாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. ஆகாய விமானம் செய்த ரைட் சகோதரர்கள், தங்கள் சைக்கிள் கடையிலிருந்து, கழன்று விழாத பெடல் ஒன்றை 1900-இல் அறிவித்தார்கள். சைக்கிள் கடைக்காரர்களின் அந்தக் கவனம்தான் பின்னால் அவர்களை வானத்துக்கும் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு. இரண்டாம் நாள் முன் பற்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். சத்தம் போகவில்லை.

மூன்றாம் நாள் மாலை முற்றத்து வேம்பின் கீழே வண்டியை நிறுத்தி, இரண்டு பிறேக்கையும் இறுகப் பிடித்துக்கொண்டு, வலது பெடலை முன்பக்கமாகக் கிடையாக வைத்து என் முழுப் பாரத்தையும் அதன்மேல் இறக்கினேன். வண்டி நகரவில்லை, சத்தம் மட்டும் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் துரத்தியதை நின்ற இடத்திலேயே எழுப்ப முடிந்தது பெரிய ஆறுதலாக இருந்தது. மகளைக் கூப்பிட்டு, நான் ஒவ்வொரு தடவையும் அழுத்தும்போது பூட்டுகள் ஒவ்வொன்றின் மேலும் விரல் நுனியை வைத்துப் பார்க்கச் சொன்னேன். காது ஏமாறும் இடத்தில் விரல் ஏமாறுவது குறைவு. பெடலடியில் வைத்தாள், ஒன்றுமில்லை என்றாள். சட்டத்தின் வழியே விரலை நகர்த்திக்கொண்டு பின் சக்கரத்துக்குப் போனவள், "அப்பா, இதிலதான் துடிக்குது" என்றாள்.

அவள் விரல் இருந்தது ஹாங்கரின் மேல். பின் கியர் மாற்றியைத் தாங்குவதற்காகச் சட்டத்தின் வலது பின் மூலையில் சிறிய போல்ட்டால் பூட்டப்படும் அலுமினியத் துண்டு அது. வண்டி விழுந்தால் சட்டம் நெளியாமல் தான் நெளிந்து கொடுப்பதற்காகவே தனித்துண்டாகச் செய்யப்படுகிறது. பின் சக்கரத்தின் அச்சும் அதே இடத்தில்தான் இறுக்கப்படுகிறது. வலது காலை ஊன்றி மிதிக்கும்போது செயின் அந்த மூலையை முன்னோக்கி இழுக்கிறது. அங்கே ஒரு மயிரிழை அசைவு ஏற்படுகிறது. அந்த முனகல் செயினுக்கு அருகிலுள்ள குழாய் வழியே பெடலடிக்கு வந்து என் காலடியில் கேட்கிறது. இடது காலின் அழுத்தமும் செயினை இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் என் வலது கால் பலம் கூடியது. முழங்காலில் பழைய காயம் உள்ள இடது கால் அந்த அளவுக்கு ஊன்றுவதில்லை.

சக்கரத்தைக் கழற்றி, ஹாங்கரின் போல்ட்டை இளக்கித் துண்டை வெளியே எடுத்தபோது, சட்டத்தின் முகத்திலும் துண்டின் முகத்திலும் காய்ந்த செங்குழம்பு அப்பியிருந்தது. இரணைமடுக் குளக்கட்டுப் பக்கத்துக் கிரவல் வீதிகளில் ஓடும்போது எழும் செம்புழுதி செயின் எண்ணெயோடு கலந்து அந்த இடுக்கில் ஏறியிருக்கிறது. அப்போதுதான் அந்த இரண்டு நாள் அமைதியும் விளங்கியது. கடையில் கழுவிய மண்ணெண்ணெய் இடுக்குக்குள் ஊறி, உலரும்வரை சத்தத்தை அடக்கியிருக்கிறது. பிபிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பழைய பல்தூரிகையால் இரண்டு முகங்களையும் தேய்த்துத் துடைத்து, விரலால் மெல்லியதாகக் கிறீஸ் தடவி, போல்ட்டின் மரையிலும் சிறிது இட்டுப் பூட்டினேன். அச்சின் இரு முனைகளும் சட்டத்தில் பதியும் இடத்தையும் துடைத்தேன். மறுநாள் அதே காற்றுக்கு எதிரே முறிகண்டி வரை போய்வந்தேன். செயின் ஓடும் ஓசையும் காற்றும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

அப்பாவின் பழைய வண்டியில் இந்தக் குழப்பம் இருந்ததில்லை. 1990களில் வன்னிக்கு எரிபொருள் வராத காலத்தில், நெல் மூட்டையும் விறகும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள். அந்த வண்டிகளில் பெடல் தண்டை அச்சோடு பிணைப்பது கொட்டர் பின். அது தேய்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் 'டக்' என்று தண்டே ஆடும். அப்பா வீதியோரத்தில் ஒரு கல்லை எடுத்துத் தட்டி இறுக்கிவிட்டு ஏறுவார். கனத்த இரும்புச் சட்டம், பூட்டுகளும் குறைவு. இன்றைய வண்டிகளில் அவை பல மடங்கு கூடிவிட்டன. கல்லால் தட்டவும் முடியாது.

ஆகவே அளவோடு இறுக்கும் ஸ்பனர் ஒன்றை வாங்கிக்கொண்டேன். மரையுள்ள பிபிக் கிண்ணங்களுக்கும் பெடலுக்கும் ஏறக்குறைய 35 முதல் 40 நியூட்டன் மீற்றர், பின் பற்சக்கரத் தொகுதியின் பூட்டு வளையத்துக்கு 40, ஹாண்டிலைப் பிடிக்கும் சிறு போல்ட்டுகளுக்கு 5 அளவு. ஆனாலும் போல்ட்டின் மேலோ பாகத்தின் மேலோ அச்சிட்டிருக்கும் எண் எதுவோ அதுவே முடிவானது. கார்பன் கம்பியுள்ள சீற்றுக்குக் கிறீஸ் பூசக் கூடாது. அது வழுக்கி இறங்கிவிடும், அதற்கென்று மணல் போன்ற துகள் கலந்த தனிப் பசை உண்டு. சத்தம் வந்தவுடனே எல்லாவற்றையும் மேலும் இறுக்குவது நம்மில் பலருக்குப் பழக்கம். மண் புகுந்த இடத்தை இறுக்கினால் சில நாட்கள் அடங்கும். பிறகு மரை போகும்.

மாரி முடிந்து தை பிறந்ததும் ஹாங்கரை மறுபடி கழற்றிப் பார்த்தேன். கிறீஸ் கறுத்திருந்தது, சிவப்பு இன்னும் உள்ளே ஏறவில்லை.