தோலில் வைரக்கட்டம்: செய்முறைத் தேர்வில் நான் கோட்டை விட்ட இடங்கள்

38 மில்லிமீட்டர் அகலத் தோல் பெல்ட் துண்டில் கையாலேயே வைரக்கட்டம், அதாவது சாய்கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் வைர வடிவக் கட்டங்கள், வெட்டித் தட்டிக் காட்ட வேண்டும், தோல் வேலைச் செய்முறைத் தேர்வு அவ்வளவுதான். முதல் தடவை நான் தேறவில்லை. ஈரத்திலும் அளவிலும் கோட்டை விட்டேன், அதனால் அந்த இரண்டையும் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

தோல் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டதாக இருக்க வேண்டும். குரோம் உப்பில் பதனிட்ட தோலில் எவ்வளவு தட்டினாலும் தடம் நிற்காது. தென்னாப்பிரிக்காவில் குவாசுலு நட்டாலில் இருக்கிற நமக்கு இதற்குப் பஞ்சமே இல்லை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இங்கே தோட்டம் தோட்டமாக நிற்கும் வாட்டில் மரத்தின் பட்டைதான் அந்தச் சாறு. 3 முதல் 4 மில்லிமீட்டர் கனம் போதும்.

இப்போது ஈரம். ஸ்பாஞ்சால் நனைத்ததும் தட்ட ஆரம்பிக்காதீர்கள். தோல் பழைய நிறத்துக்குக் கிட்டத்தட்ட திரும்பி, ஆனால் கன்னத்தில் வைத்தால் இன்னும் குளிர்ச்சியாகத் தெரிகிறதே, அதுதான் நேரம். நான் பழகியதெல்லாம் டர்பன் பக்கத்து சாட்ஸ்வர்த்தில், ஜனவரிப் புழுக்கத்தில். தேர்வு வந்ததோ ஆகஸ்டில், மலைப்பக்கமிருந்து பெர்க் காற்று சூடாக அடித்த நாளில். பாதி வேலையில் தோல் காய்ந்துவிட்டது, பதறிப்போய் காய்ந்த இடத்தில் மட்டும் தண்ணீர் தொட்டேன், திட்டுத் திட்டாகிவிட்டது. இரண்டாவது தடவை தட்டாத பகுதியை பிளாஸ்டிக் தாளால் மூடியே வைத்திருந்தேன். நனைந்த தோல் தட்டத் தட்ட நீளும், அதனால் பின்பக்கம் முழுக்க டேப் ஒட்டிவிடுங்கள்.

அப்புறம் அளவு. ஒவ்வொரு கோட்டையும் முந்தைய கோட்டிலிருந்து அளந்துகொண்டே போனேன். ஒரு கோட்டுக்கு அரை மில்லிமீட்டர் பிசகினால் 20 கோட்டில் 10 மில்லிமீட்டர், கடைசி வைரம் பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. வீட்டில் ஆயா ஊடுபுள்ளிக் கோலம் போடும்போது 15 புள்ளி நடு வரிசையை முதலில் வைத்து, இருபக்கமும் 8 வரை குறைத்துக்கொண்டு வருவார், சின்ன வயதிலிருந்து பார்த்த எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. நடுக்கோடு போட்டு, கவராயத்தை ஒரே அளவில் இறுக்கி, விளிம்பு நெடுக முதலில் புள்ளி மட்டும் குத்துங்கள், எல்லாப் புள்ளியையும் நடுவிலிருந்தே ஒருமுறை அளந்து சரிபார்த்த பிறகு கோடு இழுங்கள்.

சுழல் கத்தியை (விரலால் திருப்பித் திருப்பித் தோலில் கோடு வெட்டும் கத்தி) நிமிர்த்திப் பிடித்து உங்கள் பக்கமாக இழுங்கள், தோல் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் இறங்கினால் போதும். ஒரு திசைக் கோடுகளை முடித்துவிட்டு மறு திசைக்குப் போங்கள். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் முனை பிய்ந்து எழும்பும், அதை ஒட்ட வழியே இல்லை. பெவலரை, அதாவது வெட்டிய கோட்டின் ஓரத்தை அமுக்கிச் சரிவாக்கும் அச்சுக் கருவியை, கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டி, ஒரு அடி முந்தைய அடியின் பாதி மேல் விழுகிற மாதிரி நகர்த்துங்கள். அடியில் கனமான பளிங்குக் கல், மரப்பலகை வேண்டாம்.

தேர்வு அறைக்கு உள்ளே போனதும் அதே தோலில் ஒரு கழிவுத் துண்டு கேட்டு வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம். அதையும் சேர்த்தே நனைத்து, பெல்ட்டைத் தொடும் முன் அதில் ஒரு தட்டு. பட்ட இடம் அடர் பழுப்பாக மாறினால் ஈரம் சரி, வெளிறியே இருந்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர், சேறு மாதிரி குழைந்தால் பத்து நிமிடம் ஆற விடுங்கள்.