முந்திரிக்கொத்துக்கு ஒரு பெயர்

2023 ஆகஸ்ட் 5, சனி

பாக்கிப் பணம் வாங்க நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கடை வாசலில் தொங்கிய சரத்தில் நாங்கள் செய்து விற்கிற முந்திரிக்கொத்து, சிறுபயறும் கருப்பட்டியும் சேர்த்த உருண்டைப் பலகாரம். இந்த வாரம் நான் சரக்கே போடவில்லையே என்று எடுத்துப் பார்த்தால், நம்முடையது இல்லை. அதே மஞ்சள் கவர், அதே சிவப்பு எழுத்து, காதில் பாம்படம் போட்ட பாட்டி படம். நமக்கு 'நாஞ்சில் அம்மச்சி', அவர்களுக்கு 'நாஞ்சில் அம்மாச்சி'. ஒரே ஒரு கால்தான் கூடுதல்.

"ரெண்டும் ஒரே ஆளுன்னு நெனச்சேன் அக்கா. பாக்கெட்டுக்கு அஞ்சு ரூவா குறைச்சலாத் தந்தாங்க" என்றான் கடைக்காரத் தம்பி. அவனைத் திட்டி என்ன பயன்?

ஒரு பாக்கெட் வாங்கி பஸ்ஸிலேயே பிரித்துத் தின்றேன். சிறுபயறு வறுபட்டது போதாது, தோலும் சரியாகப் போகவில்லை. கருப்பட்டியே கிடையாது, வெறும் சீனிப்பாகு. மேல்மாவு செருப்பு மாதிரி தடிமன். மூன்று உருண்டையும் ஒட்டாமல் தனித்தனியாகக் கிடந்தன. கொத்து என்று பேர் வைத்துவிட்டு ஒற்றை ஒற்றையாக விற்கிறார்கள். இதைத் தின்றவர்கள் ஏசப்போவது என்னைத்தான்.

ஆகஸ்ட் 7, திங்கள்

சித்தி மகள் நாகர்கோவில் கோர்ட்டில் வக்கீல். ராத்திரி வந்தாள். உணவுப் பாதுகாப்பு உரிமம், உத்யம் சான்றிதழ் இரண்டையும் எடுத்து வைத்தேன். இரண்டிலும் கடைப்பெயர் அச்சிட்டிருக்கிறதே, அப்போது பெயர் நம்முடையதுதானே என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்.

"இது நீங்க பலகாரம் செய்யலாம்னு சொல்லுது. அது நீங்க சின்ன தொழில் நடத்துறீங்கன்னு சொல்லுது. பேரு உங்களுக்குன்னு ரெண்டும் சொல்லல அக்கா" என்றாள். அதற்கு 1999ஆம் வருஷத்து வணிகச் சின்னச் சட்டப்படி தனியாகப் பதிய வேண்டுமாம். பதியாமலும் வழக்குப் போடலாம். ஆனால் அந்தப் பெயருக்கு ஊரில் மதிப்பு இருக்கிறது, அவர்கள் ஆளை ஏமாற்றுகிறார்கள் என்று நான்தான் நிரூபிக்க வேண்டும்.

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமா, "மட்டிப் பழத்துக்கே குடுத்தாச்சு, உனக்குத் தரமாட்டானா?" என்றார். போன வாரப் பேப்பரில் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்திருந்தது. அது வேறு, இது வேறு. புவிசார் குறியீடு ஒரு ஊரில் விளைவிக்கிறவர்களுக்கு, செய்கிறவர்களுக்கு எல்லாம் பொது. எனக்கு வேண்டியது என் ஒருத்தியின் சரக்கை அடையாளம் காட்டுகிற பெயர்.

அம்மாவுக்கு எதுவும் பிடிபடவில்லை. "எட்டி, நம்ம பேரை நாமளே வாங்கதுக்கு எதுக்குட்டி காசு?"

ஆகஸ்ட் 12, சனி

பதிவு செய்து தருகிற ஏஜென்சி ஒன்றில் விசாரித்தேன். மொத்தம் 15,000 ரூபாய், அதில் அரசுக் கட்டணம் மட்டும் 9000, இரண்டே மாதத்தில் சான்றிதழ் கையில் என்றார்கள். வக்கீல் தங்கச்சி கேட்டுவிட்டுச் சிரித்தாள். 9000 கம்பெனிகளுக்கு. தனி ஆளாக ஆன்லைனில் போட்டால் ஒரு வகுப்புக்கு 4500தான். அதோடு, பெயர் வணிகச் சின்ன இதழில் வெளியான பிறகு யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று பார்க்கவே நாலு மாதம் விட வேண்டும் என்பது சட்டம். இரண்டு மாதம் எங்கிருந்து வந்ததோ.

அவளே போட்டுத் தருகிறேன் என்றாள். பீஸுக்குப் பதில் ஓணத்துக்கு ஐந்து கிலோ சிப்ஸ்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

உலகத்துச் சரக்கையும் சேவையையும் 45 வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் 29, முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் 30. ஒரே அடுப்பு, ஒரே எண்ணெய், வகுப்பு மட்டும் இரண்டு! காசை நினைத்து இப்போதைக்கு 30 மட்டும் போதும் என்று வைத்தேன்.

சண்டை பெயரில்தான் வந்தது. 'நாஞ்சில்' ஒரு ஊர்ப்பகுதியின் பெயர், 'அம்மச்சி' எல்லாருடைய பாட்டியும், இரண்டையும் உங்களுக்கு மட்டும் என்று தரமாட்டார்கள் என்றாள் அவள். தேடிப் பார்த்ததில் அம்மச்சி என்று பலபேர் வரிசையாக நிற்கிறார்கள். ஏழு வருஷம் விற்ற பெயரை எப்படி விடுவது? அந்த நேரம் பார்த்து மாமா வேறு, "மார்த்தாண்டத்துக்காரிக்கு நாஞ்சில் எதுக்கு? அது தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கமுல்லா?" என்றார். அது நியாயம்தான். அன்று நாஞ்சில் என்று போட்டால் வெளியூரில் விற்கும் என்று அச்சகத்துக்காரர் சொன்னார், போட்டேன்.

பிடிவாதமாக அதே பெயருக்கே மனுப் போடச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

எப்போதிலிருந்து விற்கிறோம் என்று பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும், கூடவே ஆதாரமும். பழைய பில் எல்லாம் பரணில், பிஸ்கட் டின்னுக்குள். நாலு டின் கவிழ்த்த பிறகு கிடைத்தது, 2016 நவம்பரில் முதன்முதலாகக் கவர் அடித்த அச்சகப் பில். 500 கவர். தேங்காயெண்ணெய் ஊறி காகிதம் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கிறது, மறுபக்கத்தில் அம்மா எழுதிய பால் கணக்கு இந்தப் பக்கமே தெரிகிறது. தேதி மட்டும் தப்பித்திருக்கிறது. ஸ்கேன் பண்ணின பையன், "இதுல கை வச்சா வழுக்குது" என்றான்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

நாளை மறுநாள் ஓணம். சிப்ஸ், சர்க்கரை வரட்டி, சிப்ஸ். எழுத நேரமில்லை.

செப்டம்பர் 6, புதன்

மனு போயாச்சு. பென் டிரைவ் போன்ற ஒன்றைச் செருகி டிஜிட்டல் கையெழுத்துப் போட்டாள். சென்னை கிண்டி அலுவலகத்துக்குப் போகுமாம், தமிழ்நாடு, கேரளா எல்லாவற்றுக்கும் அதுதான். மனு எண் உடனே வந்துவிட்டது.

இனிமேல் பெயர் பக்கத்தில் 'டிஎம்' (டிரேட் மார்க்) என்று சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் 'ஆர்' மட்டும் பதிவாவதற்கு முன் கூடாது, பொய்யாகப் போட்டால் சட்டப்படி தப்பு. அச்சகத்துக்காரர் போன தடவை அழகுக்காக அதையும் போடட்டுமா என்று கேட்டது ஞாபகம் வந்தது. நல்லவேளை, இடமில்லாமல் போயிற்று.

டிசம்பர் 18, திங்கள்

ஆய்வறிக்கை வந்தது. தங்கச்சி சொன்னதுதான். பிரிவு 9: பெயர் இடத்தையும் பொதுச் சொல்லையும் குறிக்கிறது. பிரிவு 11: முன்பே இருக்கிற பெயர்களைப் போலிருக்கிறது. கீழே அம்மச்சி ஊறுகாய், அம்மச்சி மசாலா என்று ஒரு பட்டியல். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும்.

இத்தனை நாள் விற்றே பெயர் எடுத்துவிட்டோம் என்று வாதாடலாம், வீடியோவில் விசாரணையும் உண்டு. ஆனால் அதற்குக் காட்ட வேண்டிய விளம்பரச் செலவும் விற்பனைக் கணக்கும் என்னிடம் எங்கே? ஒரு எண்ணெய்ப் பில்லும் பால் கணக்கும்தான் இருக்கிறது.

4500 திரும்ப வராது. இரண்டு நாள் யாரிடமும் நல்லபடியாகப் பேசவில்லை.

2024 ஜனவரி 10, புதன்

தபால்காரர் கவரைத் திண்ணையில் வைத்துவிட்டு, "கொல்லாமூட்டு வீடுதானே?" என்று வழக்கம்போலக் கேட்டார். வாசலில் நின்ற கொல்லாமரம், அதாவது முந்திரி மரம், 2017இல் ஓகி புயல் அடித்த அன்று வேரோடு சாய்ந்தது. மரம் போய் ஆறு வருஷம் ஆகிறது, வீட்டுப் பெயர் போகவில்லை.

தங்கச்சிக்குப் போன் போட்டேன். "கொல்லாமூடு. சும்மா அந்த ஒரு சொல். வருமா?" தேடிவிட்டுக் கூப்பிட்டாள். முப்பதாம் வகுப்பில் யாருமே இல்லை.

தமிழ் எழுத்தில் பெயர் இருந்தால் ஆங்கிலத்தில் பொருள் எழுதிக் கொடுக்க வேண்டும். முந்திரி மரத்தடி என்று எழுதினோம். அப்போதுதான் இடித்தது. முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பே கிடையாது. முந்திரி என்பது திராட்சை, கொத்தாக இருப்பதால் அந்தப் பேர். பலகாரத்தின் பேரிலும் முந்திரி, இப்போது கடையின் பேரிலும் முந்திரி, உள்ளே சிறுபயறு! ஆளை ஏமாற்றுகிற பெயர் என்று சொல்வார்களோ? "மரத்தடியத்தானே சொல்லுதோம், பருப்பையா சொன்னோம்?" என்றாள். வக்கீல்தான்.

இன்னொரு 4500. பழைய மனுவுக்குப் பதில் போடப்போவதில்லை, தானாகவே கைவிட்டதாகிவிடும்.

ஜூன் 10, திங்கள்

வணிகச் சின்ன இதழ் திங்கட்கிழமைதோறும் வரும். இன்றைய இதழில் நம் பெயர். ஆட்சேபம் எதுவும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். சோப்பு, பம்ப்செட், பனியன் எல்லாம் தாண்டித் தேடினால் ஓரிடத்தில் தமிழில் 'கொல்லாமூடு'. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்து, "வீட்டுப் பேரை எல்லாம் பேப்பர்ல போட்டிருக்கானே" என்றாள், பயந்து.

அக்டோபர் 14, திங்கள்

நாலு மாதம் முடிந்தது. யாரும் எதிர்க்கவில்லை. பழைய கவர் இன்னும் 1200 கிடக்கிறது. அதன் மேல் புதுப் பெயர் ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டுகிறேன். அம்மச்சி முகத்தில்தான் ஸ்டிக்கர் விழுகிறது.

நவம்பர் 9, சனி

சான்றிதழ் மெயிலில் வந்தது. மனுப் போட்ட தேதியிலிருந்து 10 வருஷம், 2034 ஜனவரியில் புதுப்பிக்க வேண்டும்.

புதுக் கவரில் முதல் சரக்கை வடசேரிக்கு நானே கொண்டுபோனேன். 'நாஞ்சில் அம்மாச்சி' இன்னும் தொங்குகிறது. அந்தப் பெயரை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது, செய்யப்போவதும் இல்லை. தம்பி நம் சரத்தை அதற்கு முன்னால் மாட்டினான்.

நாகர்கோவில்காரர் ஒருவர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொல்லாமூடா? அப்போ அண்டிப்பருப்பு நெறைய போட்டிருப்பாவளோ?"

"முந்திரிப்பருப்பு ஒண்ணுகூட கிடையாது அண்ணாச்சி" என்றேன். இரண்டு பாக்கெட் வாங்கினார்.