நிலவறைக் குளிரில் முதிரும் கருநிற லாகர்

மியூனிக்கில் வாடகை வீட்டோடு நிலவறையில் ஒரு சிறு தடுப்பறையும் கிடைப்பது வழக்கம். குடிவந்த புதிதில் பயணப்பெட்டிகளை மட்டும் அடுக்கி வைத்திருந்த அந்த அறையில்தான், இப்போது ஒவ்வொரு குளிர்காலமும் டுங்கெல் என்னும் கருநிற லாகர் பீர் நொதிக்கிறது. வழிகாட்டியவர் மேல்மாடியில் வசிக்கும் பெரியவர். சுவரில் வெப்பமானியைத் தொங்கவிட்டு, "ஒன்பது டிகிரி இருக்கிறது, இதைவிட நல்ல இடம் உங்களுக்கு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார். என்னை வாட்டிக்கொண்டிருந்த குளிருக்கு இப்படியொரு பயன் இருப்பதை அன்றுதான் அறிந்தேன்.

லாகர் ஈஸ்ட் 9 முதல் 12 டிகிரி வரையிலான குளிரில் நிதானமாக வேலை செய்யும். கோடையில் காய்ச்சிய பீர் எளிதில் கெட்டுப்போனதால், செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே காய்ச்சலாம் என்று மியூனிக்கைத் தலைநகராகக் கொண்ட பவேரியாவில் 1553ஆம் ஆண்டிலேயே விதித்திருந்தார்கள்; குளிர் தாங்கும் ஈஸ்ட் இங்கே நிலைபெற அதுவும் துணைசெய்தது. இவ்வூர்த் தண்ணீரின் கடினத்தன்மையும் கருநிற பீருக்கு உகந்தது. அதிலுள்ள கார்பனேட்டை நன்கு வறுத்த மால்ட்டின், அதாவது முளைகட்டிய பார்லியின், அமிலத்தன்மை ஈடுகட்டிவிடுகிறது.

நொதிக்கும்போது வெப்பம் வெளிப்படுவதால், அறையின் வெப்ப அளவை நம்பாமல் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டிய வெப்பமானியைத்தான் பார்க்க வேண்டும். குமிழிகள் குறையும் கட்டத்தில் பாத்திரத்தை மாடிக்கு ஏற்றி, இரண்டு மூன்று நாட்கள் 16 டிகிரியில் வைக்கிறேன். வெண்ணெய் வாசம் தரும் டைஅசெட்டிலை ஈஸ்ட்டே உறிஞ்சிக்கொள்ளும் நேரம் அது. ஒரு சிறு கிளாஸில் கொஞ்சம் எடுத்து மூடி, வெந்நீரில் வைத்துச் சூடேற்றி, ஆறியபின் முகர்ந்து பார்ப்பேன். வெண்ணெய் வாசம் துளியும் இல்லாமல் ரொட்டியின் மேலோட்டு மணம் மட்டும் எழுந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். இந்தச் சோதனையை அவசரப்பட்டு விட்டுவிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

அடர்த்திமானியின் அளவு சில நாட்கள் மாறாமல் நின்ற பிறகே, லிட்டருக்கு ஏறத்தாழ 6 கிராம் சர்க்கரை சேர்த்துப் புட்டிகளில் அடைக்கிறேன். நொதித்தல் முடியாத பீரை அடைத்தால் புட்டி வெடிக்கக்கூடும். ஓரிரு வாரங்கள் அறை வெப்பத்தில் இருந்து வாயு ஏறியபின், புட்டிகள் 2 டிகிரியில் ஆறு வாரமாவது முதிர வேண்டும். அதற்குள் ஈஸ்ட் அடியில் படிந்து, மால்ட்டின் கரடு தணிந்துவிடுகிறது.

ஜெர்மனியில் 2024 முதல், சொந்தப் பயன்பாட்டுக்கு ஆண்டுக்கு 500 லிட்டர் வரை வரியின்றிக் காய்ச்சலாம், விற்பதற்குத்தான் அனுமதியில்லை. எங்கள் இருவருக்கும் அதில் சிறு பங்கே போதும். சற்று வெதுவெதுப்பில் நொதிக்கும் சாதாரண ஏல் பீரைவிட லாகருக்கு ஏறக்குறைய இருமடங்கு ஈஸ்ட் தேவைப்படுவதால், பெரியவர் தம் பீரை வடித்ததும் அடியில் தங்கும் ஈஸ்ட்டைக் கொதிநீரில் சுத்தப்படுத்திய குப்பியில் எனக்காக எடுத்து வைக்கிறார். அடுத்த முறை நான் அவருக்குக் கொடுக்கிறேன். இதற்காகவே இருவரும் ஒருவர் காய்ச்சும் நாளைக் கேட்டு மற்றவர் நாள் குறிக்கிறோம்.