கிறிஸ்டாலஜி பேப்பர்: பிரமாணத்த மனப்பாடம் பண்ணாதீங்க, எதிராளியப் படிங்க

பி.டி. (இறையியல் பட்டப்படிப்பு) ரிசல்ட் வந்துருச்சு, பாஸ், அதுவும் எதிர்பார்த்தத விட நல்ல கிரேடு. ஜூனியர்ஸ் ஆளாளுக்கு "அண்ணே கிறிஸ்டாலஜிக்கு என்ன படிச்சீங்க"ன்னு தனித்தனியா கேக்குறதால மொத்தமா எழுதிடுறேன். கிறிஸ்டாலஜின்னா கிறிஸ்து யாரு, அவர் எப்படி தேவனாவும் மனுஷனாவும் இருக்காருங்கிற பாடம். பேட்டர்ன், சாய்ஸ், எந்த கேள்வி வருஷா வருஷம் வரும்ங்கிறதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள போகல.

என்கிட்ட இருக்குறது ஒரே ஒரு வழிதான். விசுவாசப் பிரமாணத்துல (சபை இன்னத நம்புறோம்னு சேர்ந்து சொல்ற அறிக்கை) முக்கால்வாசி வரி யாரோ ஒரு ஆளுக்குச் சொன்ன பதில். அந்த ஆள் யாரு, என்ன சொன்னாரு, அவர் சொன்னதுல நியாயம் என்னன்னு முதல்ல புடிச்சிட்டா வரி தானா மனசுல நிக்கும். எல்லாரும் குமாரன் முழு தேவன்னு வாதாடுன அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியுஸ்ல ஆரம்பிப்பாங்க, நீங்க அவர் எதிர்த்த ஆரியுஸ்ல ஆரம்பிங்க.

ஆரியுஸ முட்டாளா நினைச்சு படிச்சா ஒண்ணும் புரியாது. அலெக்சாந்திரியாவுல போதகர், நல்லா பிரசங்கம் பண்றவர், தன் உபதேசத்த பாட்டா எழுதி ஜனங்க வாயில ஓட விட்டவர். அவர் லாஜிக் ரொம்ப நேரானது: தேவன் ஒருத்தர்தான், அவர் யாராலயும் பிறப்பிக்கப்படாதவர், அவர் இயல்ப பங்கு போட முடியாது, அப்போ பிறப்பிக்கப்பட்ட குமாரனுக்கு ஒரு தொடக்கம் இருந்தே ஆகணும், தொடக்கம் இருந்தா அவர் இல்லாதிருந்த ஒரு நிலை இருந்திருக்கணும். கையில வசனமும் இருந்துச்சு. நீதிமொழிகள் 8:22 அவங்க படிச்ச கிரேக்க வேதத்துல ஞானத்த கர்த்தர் சிருஷ்டித்தார்னே இருக்கும், அது போக யோவான் 14:28, கொலோசெயர் 1:15.

என் ரூம்மேட்ட ஆரியுஸா பேசச் சொல்லி ஹாஸ்டல் மொட்டமாடில நடந்துக்கிட்டே வாதம் பண்ணுவோம். ஒரு ராத்திரி அவன் மாற்கு 13:32ஐ எடுத்துட்டான். "அந்த நாள் குமாரனுக்கும் தெரியாதுன்னு அவரே சொல்றாரே, தேவனுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்குமாடா? பசிக்குது, தூக்கம் வருது, அழுறாரு, இதெல்லாம் யாரு?" நான் நிசேயா சங்கம் (ஆரியுஸ தள்ளின பிஷப்புங்க கூட்டம்), 325ன்னு ஏதோ சொன்னேன், அவன் "வருஷம் கேக்கல, பதில் கேட்டேன்"னான். அன்னிக்கிதான் புரிஞ்சது, 451ல கூடுன கல்கெதோன் சங்கம் வரைக்கும் நடந்த மொத்த சண்டையும் இந்த ஒரு கேள்விக்குள்ள இருக்குன்னு. அத்தனாசியுஸ் அதெல்லாம் நமக்காக அவர் எடுத்துக்கிட்ட மாம்சத்துக்குரியதுன்னு பதில் சொல்வாரு. அந்தியோக்கியா ஆளுங்க அவருக்குள்ள இருந்த முழு மனுஷத்தன்மைய சுட்டிக் காட்டுவாங்க. இந்த ரெண்டு பதிலும் எங்க பிரியுதுன்னு தெரிஞ்சா பாதி சிலபஸ் முடிஞ்ச மாதிரி.

நிசேயாவ எழுதும்போது ரெண்டு விஷயம் விட்றாதீங்க. ஒண்ணு, ஹோமோஊசியோஸ், அதாவது குமாரன் பிதாவோட "ஒரே தன்மையுள்ளவர்"ங்கிற வார்த்தைய நிறைய பிஷப்புங்க தயங்கித்தான் ஏத்துக்கிட்டாங்க. அது வேதத்துல இல்ல, பிதாவும் குமாரனும் ஒரே ஆள்னு சொன்ன சபெல்லியுஸ் வாசனையும் அதுல அடிச்சுது. ஆனாலும் அத போட்டாங்க, ஏன்னா வேற எந்த வேத வாக்கியத்த போட்டாலும் ஆரியுஸ் கூட்டம் தனக்கேத்த அர்த்தம் சொல்லி தலையாட்டிட்டு போயிடும். கடைசில கையெழுத்து போட மாட்டேன்னு நின்ன பிஷப்புங்க ரெண்டே பேர், லிபியாவுல இருந்து வந்த செக்குந்துஸும் தெயோனாஸும்.

ரெண்டாவது, 325ல சண்டை முடியல. இத அழுத்திச் சொல்றேன், ஏன்னா கைமாறி கைமாறி வர்ற சீனியர் ஜெராக்ஸ் நோட்ஸ்ல "நிசேயாவில் ஆரிய மார்க்கம் ஒழிக்கப்பட்டது"ன்னு ஒரே வரில முடிச்சிருப்பாங்க. ஒழியவே இல்ல. சங்கத்தக் கூட்டின கான்ஸ்டன்டைனே சாகுற நேரத்துல 337ல ஞானஸ்நானம் எடுத்தது ஆரியுஸுக்கு ஆதரவா நின்ன நிக்கோமேதியா யூசேபியுஸ் கையால. அத்தனாசியுஸ் 328ல பிஷப் ஆகி 373ல சாகுறதுக்குள்ள அஞ்சு தடவ நாடுகடத்தப்பட்டாரு. 325க்கும் கான்ஸ்டான்டிநோப்பிள் சங்கம் கூடுன 381க்கும் நடுவுல இருக்குற இந்த குழப்பத்த எழுதுறவங்க கம்மி, எழுதுனா திருத்துறவர் நின்னு படிப்பாரு.

இப்போ வரிக்கு எதிராளி. இத ஒரு பக்கத்துல எழுதி கட்டில் பக்கத்துல ஒட்டி வச்சிருந்தேன்:

- ஜநிப்பிக்கப்பட்டவர், உண்டாக்கப்படாதவர்: ஆரியுஸ்
- மாம்சமாகி மனுஷனானார்: சரீரம் வெறும் தோற்றம்னு சொன்ன டோசெட்டிக் கூட்டம். ரோமுக்குச் சாகப் போற வழில இக்னேஷியஸ் "மெய்யாகவே" பிறந்தார், "மெய்யாகவே" பாடுபட்டார்னு திருப்பித் திருப்பி எழுதினது இதுக்குத்தான்
- அவருடைய ராஜ்யத்துக்கு முடிவில்லை: அன்கிரா மார்செல்லுஸ். கிறிஸ்துவோட ராஜ்யம் ஒருநாள் முடியும்னு சொன்னவர், ஆனா இவரு நிசேயா பக்கம் நின்னவர்தான்
- ஆவியானவர் பிதாவோடும் குமாரனோடும் தொழப்படுகிறார்: ஆவியானவர சிருஷ்டின்னு சொன்னவங்க

கடைசி ரெண்டும் 325 பிரமாணத்துல கிடையாது. அங்க "பரிசுத்த ஆவியையும் விசுவாசிக்கிறோம்"னு நிறுத்திட்டு நேரா ஆரியுஸ் கொள்கைய சபிக்கிற வரிக்குப் போயிடுவாங்க. திருவிருந்து ஆராதனைல நாம நிசேயா பிரமாணம்னு சொல்றது 381 கான்ஸ்டான்டிநோப்பிளோட சேர்த்து சொல்லப்படுற பாடம், அது சபை முன்னாடி வாசிச்சதா தெளிவா தெரியுறது 451ல கல்கெதோன்லதான். தேதிய குழப்பினா மொத்த கட்டுரையும் சாஞ்சிடும்.

அப்போலினாரியுஸ தனியா படிங்க. எனக்கு இவர்தான் பிடிச்ச கேஸ். ஆரியுஸ எதிர்த்தவர், அத்தனாசியுஸுக்கு வேண்டப்பட்டவர், தேவத்துவத்த காப்பாத்துற வேகத்துல கிறிஸ்துவுக்கு மனுஷ மனசு கிடையாது, அந்த இடத்துல வார்த்தையானவரே (தேவ குமாரனே) இருந்தார்னு சொல்லிட்டாரு. அதுக்கு நசியான்சு கிரெகோரி சொன்ன பதில்தான் முழு பேப்பருக்கும் சாவி: அவர் எத எடுத்துக்கலையோ அது குணமாகல. பாவம் பண்றதே மனசுதான், அத விட்டுட்டு எத மீட்டாரு? எந்த கேள்வி வந்தாலும் "இது ரட்சிப்புக்கு என்ன பண்ணுது"ன்னு ஒரு பாரா எழுதுங்க. அத எழுதலன்னா மிச்சமெல்லாம் வெறும் கிரேக்க தத்துவ சண்டையாத்தான் தெரியும்.

எபேசு சங்கம், 431. இங்க கொஞ்சம் கோவம் வரும், வரட்டும். அந்தியோக்கியா பிஷப் யோவான் வந்து சேர்றதுக்குள்ள அலெக்சாந்திரியா பிஷப் சிரில் சங்கத்த ஆரம்பிச்சு கான்ஸ்டான்டிநோப்பிள் பிஷப் நெஸ்தோரியுஸ தள்ளி வச்சுட்டாரு, யோவான் வந்து தனியா ஒரு கூட்டம் போட்டு சிரில தள்ளி வச்சாரு. 433ல சிரிலுக்கும் யோவானுக்கும் சமாதானம் ஆச்சு. நெஸ்தோரியுஸ் மரியாள தேவமாதான்னு சொல்ல தயங்கினது உண்மை, ஆனா "ரெண்டு குமாரர்"னு (தேவ குமாரன் வேற, மரியாளோட மகன் வேறன்னு) போதிச்சார்ங்கிறது எதிரிங்க வச்ச குற்றச்சாட்டு, அவரே அத மறுத்தாரு. அத பிரிச்சு எழுதுங்க.

கல்கெதோன்ல, கிறிஸ்துவோட தேவத்தன்மையும் மனுஷத்தன்மையும் சேர்ந்திருக்குறதப் பத்தின அந்த நாலு "இல்லாமல்" தெரிஞ்சா போதும். கலக்காமல், மாறாமல், இது ரெண்டும் ரெண்டு தன்மையும் கலந்து ஒண்ணாச்சுன்னு சொன்னதா குற்றம் சாட்டப்பட்ட யூத்திகஸுக்கு. பிரிக்காமல், பிளவுபடாமல், இது நெஸ்தோரியுஸுக்கு. எப்படி ஒன்றாச்சுன்னு சங்கம் விளக்கவே இல்ல, நாலு பக்கமும் வேலி போட்டுட்டு விட்டுட்டாங்க. 449 எபேசுல அலெக்சாந்திரியா பிஷப் தியோஸ்கோருஸ் யூத்திகஸுக்கு சாதகமா நடத்தின சங்கத்த, அத ரோம பிஷப் லியோ "கொள்ளைக் கூட்டம்"னு சொன்னத, 450ல அதுக்கு ஆதரவா இருந்த ராஜா குதிரைலருந்து விழுந்து செத்ததால நிலைமை தலைகீழா மாறினத, மூணையும் ரெண்டு வரில சேர்த்துடுங்க.

ஒரு எச்சரிக்கை. கல்கெதோன ஏத்துக்காத கோப்து, அர்மேனியா, எத்தியோப்பியா, சிரிய சபைகள யூத்திகஸ் கட்சின்னு எழுதாதீங்க, அவங்களும் யூத்திகஸ தள்ளினவங்கதான், அவங்க புடிச்சிருக்கிறது சிரில் சொன்ன வார்த்தைய. பக்கத்துல கேரளாவுலயே மலங்கரை ஆர்த்தடாக்ஸ்காரங்க இந்த மரபுதான், எபேசு சங்கத்த ஏத்துக்காத கிழக்கத்திய சபையும் திருச்சூர்ல இருக்கு. 1994ல ரோமும் அசீரிய கிழக்கத்திய சபையும் சேர்ந்து கிறிஸ்துவைப் பத்தி பொது அறிக்கை விட்டத முடிவுல வச்சா பதில் எடுப்பா இருக்கும்.

மிச்சம் சுருக்கமா:
- அத்தனாசியுஸ் பிரமாணத்த அத்தனாசியுஸ் எழுதல, அது லத்தீன், அவருக்குப் பிந்தினது
- அப்போஸ்தலர் பிரமாணம் ரோம சபையோட ஞானஸ்நான அறிக்கைலருந்து வளந்தது, இப்ப இருக்குற வடிவம் 8ம் நூற்றாண்டு
- ஆவியானவர் "குமாரனிலிருந்தும்" புறப்படுகிறார்ங்கிறது மேற்குல பின்னாடி சேர்த்தது, 381 பாடத்துல இல்ல
- பேர் எழுத்துப்பிழைக்கு பயப்படாதீங்க, ஒரே மாதிரி எழுதுங்க

தனியா அமைதியா உக்காந்து மனப்பாடம் பண்றவங்களுக்கு இந்த வழி எரிச்சலா இருக்கும், எனக்கு சத்தம் போட்டு சண்ட போட்டாத்தான் ஏறும். நோட்ஸ் பிடிஎஃப் கேக்காதீங்க, என் கையெழுத்து எனக்கே புரியாது. ஆரியுஸா பேச ஆள் வேணும்னா மட்டும் ஃபோன் பண்ணுங்க, ரூம்மேட்டோட சேர்ந்து வந்துடுறேன்.